காணக் கற்பித்த கலைஞர் நந்தலால் போஸ்

பீகார் மாநிலத்தின் முங்கேர் மாவட்டத்தில் கரக்பூர் என்றோர் ஊர் உள்ளது. மேற்கு வங்கத்தில் தொடர்வண்டி நிலையத்தால் பெயர்பெற்ற கரக்பூர் வேறு, இவ்வூர் வேறு. இங்கே 1882ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் நந்தலால் போஸ் பிறந்தார். தந்தையார் பூர்ணசந்திர போஸ், தர்பங்கா அரசரின் ஆட்சிப் பகுதியில் பணியாற்றி வந்தார். தாயார் க்ஷேத்ரமணி தேவி, பொம்மைகள் செய்வதில் கைத்திறன் மிக்கவர். வங்காளக் குடும்பம் ஆதலின் துர்க்கை பூசை நாள்கள் சிறுவனுக்குப் பெருவிருந்தாயின. மூங்கிற் சட்டத்தில் வைக்கோலைக் கட்டி, அதன்மேல் களிமண்ணைப் படிப்படியாக அப்பி, உலர்ந்தபின் வண்ணம் பூசி, எல்லாவற்றுக்கும் இறுதியாகக் கண்ணைத் தீட்டுவார்கள். நம் ஊர்ச் சிற்பிகள் கண் திறத்தல் என்று கூறும் சடங்கு அது. வைக்கோற் கட்டு ஒன்று தெய்வமாக மாறுவதைச் சிறுவன் நந்தலால் நாள்தோறும் அருகிருந்து பார்த்தான். மண்ணைப் பிசைந்து தானும் செய்து பார்த்தான்.

1898இல் மேற்படிப்புக்காகக் கல்கத்தா சென்றார். பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரியிலும் சேர்ந்தார். ஆனால் தேர்வுகள் அவருக்குக் கைகூடவில்லை. 1903இல் சுதீரா தேவியுடன் திருமணம் நடந்தது. குடும்பப் பொறுப்பு வந்துவிட்டதால் பிழைப்புக்கு உதவும் கல்வி வேண்டும் என்று வணிகவியல் வகுப்பில் சேர்க்கப்பட்டார். அதுவும் நிலைக்கவில்லை. ஓவியம் பயில வீட்டாரின் இசைவைப் பெற்று, 1905ஆம் ஆண்டையொட்டிக் கல்கத்தா அரசு கலைப்பள்ளியில் அவர் அடியெடுத்து வைத்தபோது வயது இருபதைக் கடந்திருந்தது.

அக்காலக் கலைப்பள்ளிகளில் நடந்த பயிற்சியை இங்கே சற்று அறிந்துகொள்ள வேண்டும். கிரேக்கச் சிலைகளைப் பார்த்து வார்த்த சுண்ணச் சிலைகளை மாணவர் மாதக்கணக்கில் வரைவர். பின்னர் எலும்பும் தசையும் காட்டும் படங்களைப் பயில்வர். அதன்பின் ஒருவரை மேடையில் அசையாது அமர்த்தி, மணிக்கணக்காக அவர் உருவைத் தீட்டுவர். பள்ளியின் தலைவரான ஈ.பி. ஹாவெல் என்னும் ஆங்கிலேயர் இம்முறையின் மேல் ஐயம் கொண்டார். 1884 முதல் சில ஆண்டுகள் சென்னைக் கலைப்பள்ளியில் பணியாற்றித் தென்னாட்டுக் கைவினைஞரின் திறனை நேரில் கண்டவர் அவர். இந்திய மாணவர் இந்தியக் கலையையே முதலில் அறிய வேண்டும் என்று கருதி, ஐரோப்பியப் படங்களையும் வார்ப்புச் சிலைகளையும் அகற்றினார். இதனை முதலில் எதிர்த்தவர்கள் இந்திய மாணவர்களே என்பது வியப்புக்குரியது.

ஹாவெலின் துணையாக நின்றவர் அவனீந்திரநாத் தாகூர். கவிஞர் இரவீந்திரநாத் தாகூருக்கு அண்ணன் மகன் முறை. இளமையில் இத்தாலிய, ஆங்கில ஓவியர்களிடம் பழைய முறையையே பயின்று, பின் அதிலிருந்து விலகியவர். ஜப்பானிய ஓவியர்களின் தொடர்பால் அவர் ஒரு புதிய நீர்வண்ண முறையைக் கையாண்டார். தாளில் வண்ணம் தீட்டியபின் அத்தாளையே நீரில் நனைத்து எடுப்பார். மிகுதியான வண்ணம் கரைந்து போகும். தாள் உறிஞ்சியது மட்டும் எஞ்சும். உலர்ந்தபின் மீண்டும் தீட்டி, மீண்டும் நனைப்பார். இவ்வாறு பலமுறை செய்யப் படம் முழுவதும் விடியற்காலத்து மங்கலொளி படர்ந்தாற்போல் தோன்றும். நந்தலால் இவரைக் குருவாகக் கொண்டு சிவனையும் சதியையும் இராமாயண, மகாபாரத மாந்தரையும் இம்முறையில் தீட்டினார். 1908இல் கீழைக் கலைச் சங்கத்தின் கண்காட்சியில் சிவன், சதி ஓவியத்திற்கு ரூ.500 பரிசு கிடைத்தது. அக்காலத்தில் அது பெருந்தொகை. அப்பணத்தைக் கொண்டு நாட்டின் பழங்கலை நகரங்களைக் காணப் பயணம் புறப்பட்டார்.

அவ்வோவியங்கள் அழகியவை, எனினும் மூடுபனி அவற்றில் சற்று மிகுதி என்பதை மறைக்க வேண்டியதில்லை. அவற்றில் உள்ள மாந்தர் நிலத்தில் கால் ஊன்றி நிற்பவராகத் தோன்றார்.

குருவின் எண்ணத்திற்கும் ஓர் அடிப்படை இருந்தது. இந்தியச் சிற்பிகளும் ஓவியர்களும் மனித உறுப்புகளை எலும்புக்கூட்டைப் பார்த்து அளக்கவில்லை; இயற்கைப் பொருள்களோடு ஒப்பிட்டு வடித்தனர் என்று அவனீந்திரநாத் விளக்கினார். கண்ணுக்குக் கயலும் மானின் விழியும், தொடைக்கு வாழைத்தண்டும், மார்புக்கும் இடைக்கும் உடுக்கையும் உவமைகளாயின. தமிழ் இலக்கியம் பயில்வோர்க்கு இவை புதியன அல்ல; கயல்விழி என்னும் பெயர் இன்றும் நம் வகுப்பறைகளில் ஒலிக்கின்றது. இக்கருத்தை விளக்கி அவர் எழுதிய கட்டுரைக்குப் படங்கள் வரைந்தவர்களுள் நந்தலாலும் ஒருவர். ஆனால் உவமையை ஆள்பவர் கயலையும் பார்த்திருக்க வேண்டும். கண்ணையும் பார்த்திருக்க வேண்டும். இரண்டையும் பாராமல் உவமையை மட்டும் கற்றால் என்ன ஆகும்? நந்தலாலின் பிற்கால வாழ்வு முழுவதும் இவ்வினாவுக்கு விடை தேடுவதாகவே அமைந்தது.

1909ஆம் ஆண்டின் இறுதியில் அஜந்தா அவரை அழைத்தது. லேடி ஹெரிங்ஹாம் என்னும் ஆங்கிலப் பெண்மணி அக்குகைகளின் சுவரோவியங்களைப் படியெடுக்கும் பணியில் ஈடுபட்டிருந்தார். சகோதரி நிவேதிதையின் தூண்டுதலால் நந்தலாலும் அசித் குமார் ஹல்தார் முதலிய இளைஞரும் அவருக்கு உதவச் சென்றனர். குகையின் உட்புறம் இருள். கோட்டின் மேல் கோடு வைத்து, ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட கைகளின் போக்கைத் தம் கையால் பின்தொடர்ந்தார் நந்தலால். போதிசத்துவரின் முகத்தில் அருள் பொழியக் காண்பவர்கள், அதே சுவரில் சாமரம் ஏந்திய பணிப்பெண்ணின் சாய்ந்த தோளையும், யானையின் நடையையும், குரங்கின் குறும்பையும் காண்பார்கள். காட்டையும் அரண்மனையையும் தெருவையும் கண்ணாரக் கண்டவரே அவற்றை வரைந்திருக்க இயலும். கற்பனைக்கும் காட்சிக்கும் இடையே பள்ளியில் எழுப்பப்பட்டிருந்த சுவர் அஜந்தாவில் இல்லை.

பத்தாண்டுகள் கழிந்து, இரவீந்திரநாத்தின் அழைப்பை ஏற்று நந்தலால் சாந்திநிகேதனுக்கு வந்தார். 1919இல் தொடங்கப்பட்ட கலாபவனத்தின் பொறுப்பு விரைவில் அவரிடம் வந்தது. 1951 வரை அவர் அங்கே ஆசிரியராக வாழ்ந்தார். பீர்பூம் மாவட்டத்தின் அந்நிலம் செம்மண் பூமி. மழைநீர் அரித்த பள்ளங்களும், ஒற்றைப் பனைகளும், கோபாய் என்னும் சிற்றாறும், சுற்றிலும் சந்தால் பழங்குடியினரின் ஊர்களும் உடையது. தலையில் கூடை சுமந்து வரிசையாகச் செல்லும் பெண்களும், எருமை மேய்க்கும் சிறுவரும், மத்தளம் முழக்குவோரும் நாள்தோறும் கண்முன் நடந்தனர். இங்கே மூடுபனி விலகியது. நந்தலாலின் படங்களில் மாந்தரின் பாதங்கள் மண்ணைத் தொட்டன.

மாணவர்கள் அவரை மாஸ்டர் மொஷாய் என்று அழைத்தனர். ஆசிரியர் ஐயா என்பது அதன் பொருள். அவருடைய வகுப்புக்குக் கூரை இன்றியமையாதது அன்று. சுண்ணச் சிலைகளுக்கும், மேடையில் அசையாது அமர்த்தப்பட்ட மனிதருக்கும் அங்கே முதலிடம் இல்லை. உழுபவரை உழும்போதும், நெல் குற்றுபவரைக் குற்றும்போதும் காண வேண்டும். முதலில் நெடுநேரம் பார்த்தல். பின்னர் நினைவிலிருந்து வரைதல். மீண்டும் சென்று ஒப்பிடுதல் என்பதே பயிற்சி. மரத்தை வரையும் மாணவர்க்கு அவர் கூறிய அறிவுரை பலரும் அறிந்ததே. மரம் வேரிலிருந்து மேல்நோக்கி வளர்வது. ஆதலின் தூரிகையும் அடியிலிருந்து மேல்நோக்கியே செல்ல வேண்டும் என்பார். பின்னாளில் திரைப்பட இயக்குநராகப் புகழ்பெற்ற சத்யஜித் ராய், கலாபவனத்தில் பயின்ற காலத்தில் பெற்ற இப்பாடத்தை நெடுங்காலம் நினைவில் வைத்திருந்தார்.

இயங்கும் மனிதரை நீர்வண்ணத்தில் தீட்டுவது எளிதன்று. தைலவண்ணத்தில் தவற்றின்மேல் வேறு வண்ணம் பூசி மறைக்கலாம். நீர்வண்ணமோ ஒளி ஊடுருவுவது. தாளின் வெண்மையே அதில் ஒளி. ஒருமுறை இட்ட தீற்று அப்படியே நின்றுவிடும். தூரிகையில் நீர் சற்று மிகுந்தால் வண்ணம் பரவிக் கெடும். குறைந்தால் வறண்டு இழுபடும். எதிரில் உள்ளவரோ நிற்பதில்லை. கடப்பாரையை ஓங்கியவர் அடுத்த நொடியில் அதனை இறக்கிவிடுவார். ஆகவே ஓவியர் முதலில் உறுப்புகளை எண்ணிக்கொண்டிராமல், உடல் எக்கோட்டில் வளைகின்றது, பாரம் எக்காலில் விழுகின்றது, தலை எப்பக்கம் சாய்கின்றது என்பவற்றைப் பிடிக்க வேண்டும். முதுகின் ஒரு வளைவு சரியாக அமைந்துவிட்டால் கையும் காலும் தாமே தத்தம் இடத்தில் வந்து சேரும். அது தவறினால், விரல் நகம் வரை திருத்தமாகத் தீட்டினாலும் படத்தில் உள்ளவர் வேலை செய்பவர்போல் நடிப்பவராகவே தோன்றுவார். கல்கத்தாவுக்கு வந்திருந்த ஜப்பானிய ஓவியர் அராய் கம்போவிடம் நந்தலால் மையும் தூரிகையும் கையாளும் முறையைக் கற்றிருந்தார். 1924இல் இரவீந்திரநாத்துடன் சீனாவுக்கும் ஜப்பானுக்கும் சென்று அக்கலையின் பிறப்பிடங்களையும் கண்டார். ஒரே இழுப்பில் தடித்தும் மெலிந்தும் செல்லும் கோடு இவ்வாறு அவர் கைவயமாயிற்று.

அஞ்சலட்டை அளவிலான சிறு அட்டைகள் எப்போதும் அவருடன் இருந்தன. வழியில் கண்ட ஆடு, தூங்கும் நாய், வண்டிக்காரர், கிணற்றடி, புல்லிதழ் எதுவும் தப்பவில்லை. அவ்வட்டைகளையே மாணவர்க்கும் நண்பர்க்கும் மடலாக அனுப்பினார். செய்தி ஒன்றிரண்டு வரிகளில் அமையும். எஞ்சிய இடம் படத்துக்கு உரியது. இரவீந்திரநாத் குழந்தைகளுக்காக எழுதி 1930இல் வெளிவந்த சகஜ் பாட் என்னும் வங்காள அரிச்சுவடிக்கும் அவரே படம் வரைந்தார். கறுப்பும் வெள்ளையுமான அப்படங்களைப் பார்த்தே வங்கக் குழந்தைகள் பல தலைமுறையாக எழுத்துக் கற்கின்றனர். காந்தியடிகள் கோலூன்றி நடக்கும் புகழ்பெற்ற அச்சுப்படமும் அதே ஆண்டினது. சில வெண்கோடுகளால் அமைந்த அவ்வுருவில் நடையின் விரைவும் உறுதியும் தெரிகின்றன.

ஆசிரியராக அவருக்கு நேர்ந்த கடினமான சோதனை வேறொன்று. கலாபவனத்தில் சேர விரும்பிய வினோத் பிகாரி முகர்ஜி என்னும் மாணவருக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றொன்றிலும் பார்வை மிகக் குறைவு. பார்த்தலையே பாடமாகக் கொண்ட இடத்தில் இவர் என்ன செய்வார் என்று நந்தலால் தயங்கினார். அத்தயக்கத்தில் கொடுமை இல்லை. பயனற்ற முயற்சியில் ஓர் இளைஞனின் ஆண்டுகள் வீணாகக் கூடாது என்னும் கவலையே இருந்தது. ஆர்வத்தோடு ஒழுங்காக வருவானாயின் தடுக்க வேண்டாம் என்று இரவீந்திரநாத் கூறினார். மாணவர் தங்கிவிட்டார். பொருள்களின் மிக அருகில் சென்று பார்த்துப் பார்த்து நினைவில் இருத்தினார். ஆசிரியரின் நினைவுவரைவுப் பயிற்சி மற்றவர்க்குப் பழக்கமாக இருந்தது, இவருக்கோ உயிர்த்துணையாயிற்று. சாந்திநிகேதனின் இந்தி பவனத்தில் இடைக்கால அடியார்களின் வாழ்வைச் சுவர்தோறும் தீட்டியவர் இவரே. 1957இல் பார்வை முற்றிலும் போனபின்னும் தாளை வெட்டியும் மெழுகில் உருவம் வனைந்தும் படைப்பதை அவர் நிறுத்தவில்லை. நந்தலாலின் மாணவர்களுள் ஆசிரியரின் கருத்தை ஆழமாக உணர்ந்தவர் இவர் என்றால் மிகையாகாது.

ராம்கிங்கர் பேஜ் வேறு வகையினர். எவர் சொல்லுக்கும் எளிதில் கட்டுப்படாதவர். நந்தலால் விரும்பாத தைலவண்ணத்தை அவர் விரும்பி எடுத்தார். ஆசிரியர் தம் மனக்குறையை மறைக்கவில்லை. ஆயினும் தூரிகையைப் பிடுங்கவும் இல்லை. வேலைக்காக ஊர்விட்டு ஊர் செல்லும் சந்தால் குடும்பம் ஒன்றை 1938இல் ராம்கிங்கர் சரளைக் கல்லும் சிமெண்டும் கொண்டு வெட்டவெளியில் வடித்தார். தந்தை தோளில் காவடி, அதன் கூடையில் குழந்தை, உடன் நடக்கும் தாய், அருகில் நாய். பாதையில் சென்ற மனிதரைப் பார்க்கச் சொன்ன ஆசிரியரின் பாடம் இங்கே கல்லாக நிற்கின்றது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவரும், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் சிறை சென்றவருமான கே.ஜி. சுப்பிரமணியன் 1944இல் வந்து சேர்ந்து இவ்வாசிரியர் மூவரிடமும் கற்றார்.

1938 பிப்ரவரியில் குசராத்தின் ஹரிபுராவில், சுபாஷ் சந்திர போஸ் தலைமையில் காங்கிரசு மாநாடு கூடியது. மாநாட்டுக்கு வரும் உழவர்கள் நடந்து செல்லும் வழியிலேயே ஓவியங்களைக் காண வேண்டும் என்று விரும்பிய காந்தியடிகள், அப்பணியை நந்தலாலிடம் ஒப்படைத்தார். பணம் கொடுத்துக் கண்காட்சிக்கூடம் செல்லும் வழக்கம் இல்லாத மக்களே இம்முறை பார்வையாளர். அவர்களுக்கு எதனைக் காட்டுவது? அவர்களையே காட்டினார் நந்தலால். ஊர்களில் உழைப்போரைப் பார்த்து மையாலும் நீர்வண்ணத்தாலும் குறிப்புப் படங்கள் வரைந்தார். பிறகு கையால் செய்த தாளில், மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் கிடைக்கும் எளிய வண்ணங்களைக் கொண்டு பெரிய படங்களாகத் தீட்டினார். நிலத்தை உழுபவர், காளையை அடக்குபவர், பஞ்சு கொட்டுபவர், தையற்காரர், பெருமுரசு முழக்குபவர், நெல் குற்றும் பெண்கள், வீணை மீட்டுபவர் என எண்பதுக்கும் மேற்பட்ட படங்கள் அவர் கையால் உருவாயின. மாணவர்களும் சேர்ந்து படியெடுக்க, ஏறத்தாழ 400 படங்கள் மாநாட்டு நகரின் வாயில்களையும் பந்தல்களையும் அணிசெய்தன.

அப்படங்களில் உள்ள முரசறைவோரைப் பாருங்கள். உடல் முழுவதும் வில்லாக வளைந்திருக்கின்றது. கை ஓங்கிய திசையில் துணி பறக்கின்றது. எலும்பும் தசையும் எங்கும் எண்ணிக் காட்டப்படவில்லை. ஆயினும் அடியின் வேகம் காதில் விழுவதுபோல் உள்ளது. அஜந்தாவின் கோடும், நாட்டுப்புறப் பட ஓவியரின் துணிந்த வண்ணமும், ஜப்பானியத் தூரிகையின் விரைவும் அதில் உண்டு. அவை அனைத்தையும் இணைத்து நிறுத்துவது நேரில் கண்ட ஒரு மனிதரின் முதுகுவளைவே. தெய்வங்களைத் தீட்டிப் புகழ்பெற்ற கை, தெய்வத்துக்குத் தரும் அதே நடுவிடத்தைத் தையற்காரருக்கும் தந்தது. கண்டவர்களுள் எத்தனையோ தையற்காரரும் உழவரும் இருந்திருப்பர்.

பார்த்ததை நெடுங்காலம் உள்ளத்தில் வைத்திருக்கும் ஆற்றலுக்கு வேறொரு சான்றும் உண்டு. 1926இல் இரவீந்திரநாத்தின் நடீர் பூஜை என்னும் நாடகத்தில் நந்தலாலின் மகள் கௌரி நடனமாடினார். நல்ல குடும்பத்துப் பெண்கள் மேடையேறுவதைச் சமுதாயம் ஏற்காத காலம் அது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1942இல், சாந்திநிகேதனின் சீன பவனச் சுவரில் அந்நாடகக் காட்சிகளை நந்தலால் தீட்டினார். நடனமங்கை தன் அணிகலன்களைத் துறந்து ஆடும் காட்சியில் தந்தையின் பார்வையும் ஓவியரின் பார்வையும் ஒன்றாகக் கலந்துள்ளன.

விடுதலைக்குப்பின் இந்திய அரசமைப்புச் சட்டத்தின் மூலப்படியைப் படங்களால் அணிசெய்யும் பணி அவரிடமும் அவர் மாணவர்களிடமும் ஒப்படைக்கப்பட்டது. 1954இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது. ஓய்வுபெற்ற பின்னும் சாந்திநிகேதனிலேயே தங்கிப் பெரும்பாலும் கறுப்பு மையினால் சிறு படங்களை வரைந்துவந்தார். 1966ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் இயற்கை எய்தினார்.

புதுதில்லியில் இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் இல்லத்தில் அமைந்துள்ள தேசிய நவீனக் கலைக்கூடத்தின் சேமிப்பில் அவருடைய படைப்புகள் ஏறத்தாழ 7000 உள்ளன. ஹரிபுராப் படங்கள் சிலவும் அவற்றுள் அடங்கும். அவற்றைத் தொலைவிலிருந்தே காணலாம். அட்டைகளில் வரைந்த ஆடுகளையும் வண்டிக்காரரையும் காண வேண்டுமானால் அருகில் சென்று குனிய வேண்டும்.